கப்பல் கேத்தலில் போட்ட கோப்பி

அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து புதுக் கேத்தல் எங்களுக்குக் கட்டுபடியாகாது. நேற்று, கப்பல்களில் கழித்துவிட்ட சாமான்களை விற்கும் காசிம் காக்காவிடம் பழைய கேத்தல் ஒன்றை மலிவாக வாங்கினேன். மூக்கு மெல்லியது. துணி வடியில் உள்ள கோப்பித்தூளின் மேல் சுடுதண்ணீரை நூல் போல ஊற்றலாம்.

இன்று காலை அதில் போட்ட முதல் கோப்பியை என் கணவருக்குக் கொடுத்தேன். அதை முற்றத்துக்குக் கொண்டுபோனவர் திரும்பி வந்து, "நல்லா இருக்கு" என்றார். வெறும் கோப்பையைத் தந்துவிட்டுத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார்.

எனக்கு ஊற்றப் போகும்போது காசிம் காக்கா சைக்கிளில் மூச்சு வாங்க வந்தார்.

"தங்கச்சி, அந்தக் கேத்தலில ஒண்டும் குடிக்காதீங்க. கப்பலில அதுக்குள்ளதான் பெயின்ட் கரைக்கிற மருந்து ஊத்தி வைச்சவங்களாம். இப்பதான் கேள்விப்பட்டன்."

"அவர் குடிச்சிட்டுப் போயிட்டார், காக்கா."

காக்காவின் முகம் வெளுத்தது.

லிங்கநகரிலிருந்து துறைமுக வாசல் வரை ஓடினேன். எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் அவரைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறது என்று தோன்றியது.

வாசலில் அவர் யாருடனோ சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றார்.

"வயிறு எரியுதோ? தலை சுத்துதோ?"

"இல்லையே. ஏன்?"

சொன்னேன். அவர் தலைகுனிந்தார்.

"நான் குடிக்கேல்லை. வாயில வைக்க ஏலாமல் கிடந்தது. துப்பிப்போட்டு மிச்சத்தை வாழையடியில ஊத்தினனான். நீர் கவலைப்படுவீர் எண்டு சொல்லேல்லை."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது எனக்கு வேறொரு பயம். கல்யாணமான நாளிலிருந்து அவர் "நல்லா இருக்கு" என்று சொன்ன கோப்பியெல்லாம் எங்கே போனது? உங்கள் வீட்டுக்காரர் கோப்பி குடிப்பதை நீங்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்களா?