உச்சி முடி

ஜப்பானில் கடல் பொங்கி அணு உலைகள் கெட்டதற்குப் பிறகு, நான் வேலைக்குப் போகும் கடலோர அணுமின் நிலையத்திலும் சோதனைகள் கூடின. உலையை நிறுத்திப் பராமரிக்கும் மாதங்களில் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி ஊரிலிருந்து எங்களைப் போன்ற ஒப்பந்த ஆட்களைக் கூப்பிடுவார்கள். சூடு தாங்கக் குழாய்கள் மேல் சுற்றிய உறையைப் பிரித்து, சோதனை முடிந்ததும் மறுபடி சுற்றுவது எங்கள் வேலை. தறி ஓட்டிய கைக்கு அது பழகிவிடும்.

ஒருமுறை என் மனைவியின் தம்பியும் வந்தான். அவன் மகள் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். அதற்காகத் திருமலைக்கு முடி வேண்டிக்கொண்டிருந்தான். வளர்ந்த முடிக்குத் தினமும் தேங்காயெண்ணெய் தடவி உச்சியில் முடிந்துகொள்வான். உள்ளே போடும் துணித் தொப்பி அந்த முடிச்சின் மேல் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

வெளியே வரும் வாசலில் ஆளை நிறுத்திப் பார்க்கும் கருவி உண்டு. கதிரியக்கத் தூசி ஒட்டியிருந்தால் கத்தும். அது அடங்கும்வரை யாரும் வெளியே போக முடியாது. அன்று அவன் தலைக்குக் கத்தியது. ஷாம்பு போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினான். எண்ணெய் ஊறிய முடி தூசியை விடவில்லை.

"உச்சியில மட்டும் வெட்டிடலாம்ணா," என்றார் பாதுகாப்புப் பிரிவுப் பெண்.

"மாமா, இது சாமி முடி. இவங்களாண்ட சொல்லேன்," என்றான்.

எனக்கு அதிகாரிகளிடம் பேச வராது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெட்டுனதையாவது குடுங்கம்மா. மலைல சேர்த்துடறேன்."

"அது கழிவுண்ணா. வெளிய விட மாட்டாங்க."

முடி மஞ்சள் பையில் விழுந்தது. கருவி அடங்கியது.

தங்கும் அறையில் ஒருவர், "இன்னாப்பா, பெருமாள் இங்கயே கத்திரி வெச்சிக்கினு குந்திக்கினாரா?" என்றார். சுற்றிலும் முடியும் நடுவில் வழுக்கையுமாக இருந்தவனிடம், மிச்சத்தையும் எடுத்துவிடச் சொன்னேன்.

"மிச்சம் அவருது, மாமா."

வேலை முடியும்வரை தலையில் துண்டு கட்டிக்கொண்டு திரிந்தான்.

திருமலையில் மொட்டை போடுபவர் துண்டை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார். நடுவில் என்ன ஆயிற்று என்று தெலுங்கில் கேட்டார்.

"ட்யூட்டிலோ போயிந்தி," என்றான், வேலையில் போய்விட்டதாக.

அவர் வேறொன்றும் கேட்காமல் தண்ணீர் தெளித்தார்.

அவன் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "வேண்டிக்கினது பூரா முடி. நீ பாதியக் குடுத்துட்டு வந்துக்கிற."

அவன் மறுபடி வளர்க்க ஆரம்பித்தான். அடுத்த பராமரிப்புக்கு ஒப்பந்தக்காரர் இருவரையும் கூப்பிட்டார். நான் மட்டும் பஸ் ஏறினேன்.