மேக்கப் அக்காவின் மீன்கள்

அந்தக் கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவளை எல்லோரும் மேக்கப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் முகத்துக்குப் பவுடர்கூடப் போடாதவள். மேக்கப் எல்லாம் அவளுடைய கம்ப்யூட்டருக்குத்தான். திரை முழுக்கக் கருநீலக் கடல். ஃபோல்டர்கள் எல்லாம் மீன்கள். அழித்த ஃபைல்களைப் போடும் குப்பைத்தொட்டி, வாயைப் பிளந்த ஒரு பூனை. மவுஸை நகர்த்தினால் பின்னாலேயே நீர்க்குமிழிகள் ஓடிவரும்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்டர்நெட்டில் துழாவி, பாதியைக் கெடுத்து, மீதியைத் திருத்தி, அவளாகக் கற்றுக்கொண்டது. மருத்துவமனைக்கு ஒரு இணையதளம் வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, வேறு ஆள் அகப்படாமல் அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. சந்தோஷமாகவே செய்தாள். செய்யும்போது ஒரு ஆசை வந்துவிட்டது. பக்கத்தைத் திறந்ததும் மேலிருந்து சிவப்பு இதழ்கள் மெல்ல உதிர்ந்தால் எப்படியிருக்கும்? உதிரவைத்துவிட்டாள்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அலறியடித்துக்கொண்டு வந்தார்.

“டாக்டர், கண்ணுக்கு முன்னாடி செவப்பா பூச்சி பறக்குது. மேலேர்ந்து கீழ இறங்குது!”

டாக்டர் பதறிப்போய், சொட்டு மருந்து விட்டு, விழித்திரை வரைக்கும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. கடைசியில் நர்ஸ்தான் கேட்டாள்.

“எப்பெப்ப சார் தெரியுது?”

“அப்பாயின்ட்மென்ட் போட உங்க பக்கத்தைத் திறக்கும்போது மட்டும்தாம்மா.”

ஆஸ்பத்திரியே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். மேக்கப் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மனுஷரை வீணாகப் பயமுறுத்திவிட்டோமே என்று, அவர் வாசல் தாண்டுவதற்குள் இதழ்களை எடுத்துவிட்டாள்.

சிரிக்காத இன்னொருவர் டாக்டரின் மாப்பிள்ளை. நிர்வாகத்தைப் புதிதாகக் கையில் எடுத்தவர். நேராக அவள் மேசைக்கு வந்தார்.

“இனிமே எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி சாம்பல் திரைதான். இந்த மீன் கடையையும் இன்னைக்கே காலி பண்ணுங்க.”

“அந்தப் பக்கத்துல பூ போட்டது என் தப்பு சார், எடுத்துட்டேன். இந்த மீனால யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல. இதை எடுக்க மாட்டேன்.”

“அப்ப இந்த மேசையில வேற ஆள உக்கார வைக்கிறேன்.”

அந்த மேசை அவளுக்கு உயிர். ஆபரேஷனுக்குத் தனியாக வந்து நிற்பவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுப்பாள். அதைப் போய் எப்படி விடுவது?

சத்தம் கேட்டு வந்த டாக்டர் அவளைத் தன் அறைக்குத் தனியே கூப்பிட்டார். நல்ல மனிதர், சண்டை என்றால் ஆகாது.

“உனக்குக் கண் கூசுது, இந்தத் திரைதான் ஒத்துக்குதுன்னு ஒரு சீட்டு எழுதித் தர்றேம்மா. மாப்பிள்ளை வாயைத் திறக்க மாட்டாரு.”

தலையை ஆட்டினால் போதும், எல்லாம் அவளுடையதாகவே இருக்கும்.

“எனக்குக் கண் கூசல சார். நல்லாத்தான் தெரியுது.”

“பின்ன எதுக்கும்மா இவ்வளவு பிடிவாதம்?”

“பிடிச்சிருக்கு.”

வாசலில் நின்ற மாப்பிள்ளை உள்ளே வந்தார். “பிடிச்சிருக்குங்கறதெல்லாம் ஒரு காரணமா?”

அவளுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. “வீட்டுச் சுவத்துக்கு என்ன கலர்னு மாமனார் முடிவு பண்ணாரு. ஜன்னல் திரைய என் வீட்டுக்காரரு வாங்கிட்டு வந்தாரு. இந்த யூனிஃபார்ம் நீங்க குடுத்தது. நல்லாயிருக்கான்னு என்னை ஒருத்தரும் கேக்கல. நானா பாத்துப் பாத்து வெச்சது இந்தத் திரை ஒண்ணுதான். அதுக்கும் நோய்னு பொய் சொல்லணுமா? சீட்டு வேணாம் சார்.”

டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மறுவாரம் அவளைப் பின்னாலிருக்கும் பழைய ரெக்கார்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டரையும் கொண்டுபோகட்டும், அங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று மாப்பிள்ளை விட்டுவிட்டார். மானிட்டரை அவளே கட்டியணைத்துத் தூக்கிக்கொண்டு, நோயாளிகள் நிறைந்த கூடத்தின் நடுவே நடந்தாள். கண்ணாடி வாங்க வந்திருந்த கணக்கு வாத்தியார் எழுந்து நின்றார்.

“என்னாலதானேம்மா உனக்கு இந்தத் தண்டனை?”

“தண்டனைன்னு மாப்பிள்ளை சார் நெனச்சுக்கிட்டு இருக்காரு. கொஞ்சம் வழி விடுங்க சார், கனமா இருக்கு.”