கடலைக்காய் ஆடுகள்

பக்கத்துத் தோட்டத்துச் செல்லாயி இன்று மடியில் கடலைக்காய் கொண்டுவந்தாள். அந்த ஈரமண் வாசம் என்னை வெள்ளைக்காரன் காலத்துக்கே கூட்டிப்போனது. அப்போது நாங்கள் சிறுமிகள். பாறையில் கரிக்கோடு கிழித்து ஆடுபுலி ஆடுவோம். கூழாங்கற்கள் அவளுடைய புலிகள். கடலைக்காய்கள் என் ஆடுகள். ஒருநாள் மூன்று புலிகளையும் நகரவிடாமல் நான் அடைத்த நேரத்தில், அவர்கள் வீட்டு வெள்ளாடு வந்து என் ஆடுகளைத் தின்றுவிட்டது.

“ஆடே இல்ல, அப்பறம் புலிக்குத்தான் செயம்” என்றாள்.

நான் விடவில்லை. வேறு கடலைக்காய்களை எடுத்து, ஆட்டத்தை முதலிலிருந்து வைத்துக் காட்டினேன். “இங்க நீ தாண்டியிருக்கோணும், உட்டுட்டே.” முடிப்பதற்குள் அவள் அம்மா கூப்பிட, ஓடிவிட்டாள்.

“அன்னைக்குப் புலிதான் கெலிச்சுது” என்கிறாள் இன்றும்.

நான் தரையில் கோடு கிழித்தேன். எங்கள் இருவருக்கும் பல் இல்லை. கடலைக்காய் வேறெதற்கு?