அழித்த பதிலுக்கு மார்க் கிடையாது

குழந்தைக்கு ஆட்டிசம் இருக்குமோ என்று முதல் கட்டமாகப் பார்க்கிற எங்கள் வேலைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு ரப்பர், எதிரே பயந்துபோன பெற்றோர் இருந்தால் போதும். மந்தைவெளியில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் அந்தத் தாளைக் கொடுத்து, வாங்கி, மார்க்கைக் கூட்டிப் போடுகிறவள் நான். இருபது கேள்விகள். ஆமாம், இல்லை என்று பதில் எழுதுவது பெற்றவர்கள். வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போன ஆசிரியர்களே, என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும்.

பாஸ் மார்க்

பெருங்குடியில் ஐ.டி. வேலை பார்க்கும் அப்பா ஒருவர் மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டு எவ்வளவு என்று கேட்டார். பதினொன்று என்றேன். பாதிக்கு மேல் வந்துவிட்ட நிம்மதி முகத்தில் தெரிந்தது. இதில் மார்க் கூடினால் டாக்டர் குழந்தையை விரிவாகப் பார்க்க வேண்டும் என்று விளக்கியதும் தாளைத் திருப்பிக் கேட்டார்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பேனே மேடம்."

பொம்மை ஃபோன்

ஆட்டோ ஓட்டும் ஒரு அப்பா, கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே படியுங்கள் என்றார். பொம்மையைக் காதில் வைத்து ஃபோன் பேசுவதுபோல் பையன் விளையாடுகிறானா என்ற கேள்வி வந்தது. நன்றாக யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"பொம்மை இன்னாத்துக்கு மேடம், என் ஃபோனே அவன் கைலதான் கீது."

கூப்பிட்டால் திரும்புகிறானா?

மயிலாப்பூர் தம்பதி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பையன் திரும்பிப் பார்ப்பான் என்றார் கணவர். இல்லை என்றார் மனைவி. கடைசியாக எப்போது கூப்பிட்டீர்கள் என்று கணவரிடம் கேட்டேன். நேற்று ராத்திரி ஆபீஸிலிருந்து வந்ததும் என்றார். மனைவி தாளிலிருந்து நிமிரவே இல்லை.

"இவர் ஆத்துக்கு வரச்சே அவன் தூங்கிண்டிருப்பான். கனவுல திரும்பியிருப்பான் போல."

ரப்பர்

பெசன்ட் நகரிலிருந்து ஓர் அம்மா, இரண்டு வயது மகளோடு வந்தார். கணவர் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் பாதித் தாளை எழுதி முடித்திருந்தார். கணவர் வந்து தோளுக்கு மேலாகப் படித்தார். தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அந்த அம்மா என்னிடம் ரப்பர் கேட்டார், கொடுத்தேன். ஐந்து இடங்களில், மார்க் விழும் 'இல்லை' அழிந்து மார்க் விழாத 'ஆமாம்' ஆனது. வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறாளா என்ற கேள்வியில் பென்சில் அழுந்திய தடம் எனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அழித்ததற்கு மார்க் கிடையாது. இருப்பதைக் கூட்டினேன், குறைவாக வந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

எட்டு மாதம் கழித்து அதே அம்மா, மகளோடு தனியாக வந்தார். குழந்தை இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பென்சிலை நீட்டினேன். வேண்டாம் என்று பையிலிருந்து பேனாவை எடுத்தார். இந்த முறை மார்க் கூடியது, டாக்டரும் விரிவாகப் பார்த்துப் பயிற்சிக்கு எழுதிக் கொடுத்தார். போன எட்டு மாதத்தை யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது. இன்னும் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்று பழக்க தோஷத்தில் நான் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அன்னைக்கும் இதேதான் எழுதினேன் மேடம். அழிச்சது உங்களுக்குத் தெரியாமயா இருந்திருக்கும்?"

இப்போதெல்லாம் ரப்பர் என் டிராயருக்குள் இருக்கிறது. எந்தப் பதிலை அழிக்க, யார் சொல்லி அழிக்க என்று கேட்காமல் கொடுப்பதில்லை என்பதால், ஒரு ரப்பருக்கு இத்தனை விசாரணையா என்று எனக்கு ஊரெல்லாம் கெட்ட பெயர்.