காற்றடித்த சட்டை

என் அக்கா புருஷனுக்குப் பட்டறையில் வைத்த பெயர் புதுமாப்பிள்ளை. சமையலறை மேடைக்குக் கல் அறுக்கிற பட்டறை அது. சாயங்காலம் நாங்களெல்லாம் மாவு மில்லில் புரண்டு எழுந்தவர்கள் மாதிரி வெளியே வருவோம். அவர் மட்டும் கம்ப்ரஸர் குழாயை எடுத்துத் தலை, கழுத்து, சட்டைப்பை, கால்சட்டை மடிப்பு என்று ஒரு இடம் விடாமல் காற்றடித்துக்கொண்டு, பொண்ணு பார்க்கப் போகிறவர் போலக் கிளம்புவார்.

“புதுமாப்பிள்ளை கிளம்பிட்டாரு, வழி விடுங்கப்பா” என்று கத்துவேன். கிளம்பிய தூசிக்கு நடுவில் நின்றுகொண்டு சிரிப்பார்.

அழகுக்காக அல்ல. மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. கொஞ்சம் தூசி பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்துவிடும். அவளோ அப்பா வருகிற நேரம் வாசலிலேயே நின்று, வந்ததும் தாவி ஏறிக்கொள்கிறவள். குளித்துவிட்டு வருகிறேன் என்று அவளைத் தள்ளி நிறுத்த அவருக்கு மனசு வராது.

முதலில் வறட்டு இருமல் வந்தது. பிறகு மாடி ஏறும்போது பாதியில் உட்கார்ந்தார். சட்டை தோளில் தொங்க ஆரம்பித்த பிறகுதான் நானும் அக்காவும் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிப் பொறுமையாகச் சொன்னார். நுரையீரலுக்குள் வேண்டாதது எது நுழைந்தாலும் விழுங்கிச் செரிக்க அங்கே காவல் செல்கள் இருக்கின்றனவாம். கிருமி என்றால் பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது. கல்தூசி அப்படியில்லை. கண்ணுக்கே தெரியாத அந்தத் துகளை ஒரு செல் வளைத்து விழுங்கும். செரிக்க முடியாமல் செத்துப்போகும். துகள் மறுபடி வெளியே வரும். இன்னொரு செல் வந்து அதையே விழுங்கிச் சாகும். இப்படியே நுரையீரல் தழும்பேறி விறைத்துவிடுமாம். இனி வேலையை நிறுத்தினாலும் உள்ளே நடப்பது நிற்காதாம்.

“செரிக்காதுன்னா விட்டுட வேண்டியதுதானே? எதுக்கு விழுங்குது?” என்று எரிச்சலோடு கேட்டேன்.

“அதுக்கு அது ஒண்ணுதாங்க தெரியும்” என்றார் டாக்டரம்மா.

வேலை முடிந்ததும் எப்படிச் சுத்தம் செய்துகொள்வீர்கள் என்று அவர் கேட்க, மச்சான் காற்றடிக்கிற கதையைப் பெருமையாகச் சொன்னார். டாக்டரம்மா எக்ஸ்ரேயை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

“அறுக்கும்போது போனது போதாதுன்னு, துணியில படிஞ்சதையும் கிளப்பி மூக்குக்கு நேரா விட்டிருக்கீங்களே.”

மூக்கில் ஒரு துணி கட்டிக்கொள் என்றதோடு கடமை முடிந்ததாக நினைத்த முதலாளியை அங்கேயே வாய்க்கு வந்தபடி திட்டினேன். மச்சான் அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை.

“எம்பொண்ணுக்கும் இது இருக்குமா டாக்டர்?”

அவளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். பழைய இழுப்பைத் தவிர ஒன்றுமில்லை, கல்தூசியின் தடமே இல்லை என்றார்கள். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“பாத்தியா மச்சான்? அந்தக் காத்து வேலை செஞ்சிருக்குடா!”

நான் வெளியே போய், வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதேன்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். வேலைச் சட்டைகளைக் கண்ணில் படாமல் எறியச் சொன்னாள் அக்கா. எடுக்கப் போனால், மகள் ஒன்றை முகத்தோடு அழுத்திக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பதறிப்போய்ப் பிடுங்கினேன். வாசல் வெயிலில் ஓங்கி உதறினேன்.

ஒரு பொட்டுத் தூசி விழவில்லை. அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.