உப்புக்குக் கட்டம் இல்லாத படிவம்

சின்னத்தங்கம் அக்காவைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. அவருக்கு நடந்த கெடுதியில் பாதி என் கையெழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் அலுவலகத்தில் வேறு யாரும் அவரைப் பற்றி ஒரு வரியும் எழுதப் போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் நான் கிளாக்கர். பயிர் அழிந்தவர்கள் கொண்டுவரும் படிவத்தை வாங்கி, நிரப்பி, முத்திரை குத்தி மேலே அனுப்புவது என் வேலை. சின்னத்தங்கம் அக்காவுக்கு வாவியோரம், கண்டல்முனை வட்டை என்கிற வயல்வெளியில் இரண்டு ஏக்கர். புருஷன் செத்த பிறகு இரண்டு பெண்பிள்ளைகளையும் அந்த வயல்தான் வளர்த்தது. இளையவள் ஆர்த்திகா வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்ததும் அந்த நெல்லில்தான்.

மழை ஓய்ந்தால் வாவியில் உப்பு ஏறுவது புதிதல்ல. ஆனால் முன்பெல்லாம் அது வட்டை வரைக்கும் வராது. இந்தப் பத்து வருடத்தில் மழைக்கு மாதக் கணக்கு மறந்துவிட்டது. பெய்தால் ஊரையே கொண்டுபோகிறது, இல்லாவிட்டால் மாதக்கணக்கில் துளி இல்லை. வாவி வற்ற வற்ற, முகத்துவாரத்தால் ஏறிய கடல்நீர் ஓடை வழியே வயலுக்குள் வந்தது. நெல் பச்சையாகத்தான் நிற்கும். கதிர் வெளிவரும் நேரம் பார்த்து நுனி கருகி, வெறும் பதராகிவிடும்.

அக்கா முதன்முதல் என் மேசைக்கு வந்தது அப்படியொரு சிறுபோகத்தில், வருடத்தின் இரண்டாம் விதைப்பில். படிவத்தில் ‘பாதிப்பின் வகை’ என்று ஒரு வரி. வெள்ளம், வறட்சி, காற்று, பூச்சிப் பீடை, காட்டு மிருகம், பிற என்று வரிசையாகக் கட்டங்கள். உப்புக்குக் கட்டம் இல்லை.

“வெள்ளத்துக்குப் போடுறன் அக்கா,” என்றேன்.

“வெள்ளம் எங்க தம்பி வந்த? உப்பெல்லோ வந்த.”

“பிற எண்டு போட்டா விளக்கம் கேட்டு ஆறு மாசத்தால திரும்பி வரும். நான் சொல்றதக் கேளுங்க.”

“பொய்யாப் போயிராதா?”

“உப்புத்தண்ணி ஏறினதும் ஒரு வெள்ளந்தானே,” என்று சொல்லிச் சிரித்தேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். இரண்டு மாதத்தில் அரிசியும் விதைநெல்லும் கிடைத்தன. அதன் பிறகு கண்டல்முனை ஆட்கள் எல்லோருக்கும் அப்படியே எழுதினேன், ஒரு போகம் வெள்ளம், மறு போகம் வறட்சி என்று. ஐந்து வருடம் எழுதினேன். அலுவலகத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. ஏழைகளுக்கு உதவி செய்கிறோம் என்று எங்களுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

நிவாரண அரிசியோடு அடங்குகிற ஆள் இல்லை அக்கா. பிரதேச செயலாளரில் இருந்து ஜனாதிபதி வரைக்கும் மனு எழுதினார். எல்லா மனுவிலும் இரண்டே கோரிக்கைதான். ஓடை வாயில் உப்புத்தண்ணீரை மறிக்க ஒரு கதவு. ஏறிய உப்பைக் கழுவி விடக் குளத்து வாய்க்காலில் இருந்து நன்னீர் இறைக்க, வெயிலில் ஓடுகிற ஒரு பம்பு. எண்ணெய் வரிசையில் நாடே நின்ற வருடம் மண்ணெண்ணெய் கிடைக்காமல் வட்டையின் பம்பு மூன்று கிழமை சும்மா கிடந்தது. கண்ணுக்கு முன்னால் பயிர் செத்தது. அதே வருடம்தான் எங்கள் அலுவலகக் கூரையில் சூரியத் தகடு பூட்டினார்கள். எங்கள் பெரிய அதிகாரியின் அறை ஏசி இன்றைக்கும் ஓடுவது அதில்தான்.

“சூடு கூடுது, கடல் ஏறுது எண்டு உங்கட ஆக்கள்தானே டிவியில சொல்றாங்க,” என்று ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். “சொல்லத் தெரிஞ்சவங்களுக்குச் செய்யத் தெரியாதா? மேல இரிக்கிற வெயிலுக்குக் காசா குடுக்கோணும்?”

“மேலிடத்துக்கு அனுப்பியிருக்கம் அக்கா.”

“அந்த மேலிடத்துக்கு எந்த பஸ் போகுதெண்டு சொல்லு தம்பி, நான் ஏறிப் போறன்.”

போன வருடம் மேலிடமே வந்தது. காலநிலை மாற்றத்துக்கென்று ஒரு திட்டம். வாவியோரத்தில் ஐந்து ஓடைகளுக்குக் கதவும் சூரியப் பம்பும் கொடுக்கப் போகிறார்களாம். எங்கள் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். அக்கா விடியவே வந்து முன் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல சீலை உடுத்தி, பழைய மனுக்களின் பிரதிகளை ஒரு பையில் வைத்திருந்தார். கேட்கும் நேரம் வந்ததும் எழுந்து, ஒரு சொல் தடுக்காமல் தன் வட்டையின் கதையைச் சொன்னார். வெளியூரில் இருந்து வந்த பொறியியலாளர் நல்ல மனிதர். முழுவதையும் கேட்டார். பிறகு மடிக்கணினியைத் திறந்து தேடினார்.

“அம்மா, உவர்நீர்ப் பாதிப்பு பதிவாகியிருக்கிற இடங்களுக்குத்தான் இந்தத் திட்டம். கண்டல்முனையில அஞ்சு வருசமா வெள்ளமும் வறட்சியும்தான் பதிவாகியிருக்கு. உப்பு ஒருதரம்கூட இல்லையே.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் சுவரோரம் நின்றேன். ‘அது என் பிழை, உப்புத்தான் ஏறியது’ என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? சொன்னால் விசாரணை வரும், ஐந்து வருடப் பொய் அறிக்கைக்கு வேலை போகும். வாய் திறக்கவில்லை. அவர் விரலை நீட்டிக் காட்டியிருந்தால் போதும், எல்லாம் வெளியே வந்திருக்கும். அவரும் காட்டவில்லை. மனுப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சரி மகன்,” என்று பொறியியலாளரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஐந்து கதவும் வேறு ஓடைகளுக்குப் போயின. அவர்களுக்கும் தேவைதான், அதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அன்றிலிருந்து முத்திரையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பார்வை வந்து நிற்கிறது. அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

எட்டு மாதம் பொறுத்தேன். போன ஆவணியில், வந்தது வரட்டும் என்று ஒரு புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு கண்டல்முனைக்குப் போனேன். அக்கா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்து கறுத்திருந்தார்.

“இஞ்ச வா தம்பி. வெல்லாவெளிப் பக்கம் கூலிக்குக் களை புடுங்கப் போன நான். இப்பதான் வந்தன்.”

அவர் போட்டுத் தந்த தேத்தண்ணியைக் குடிக்க முடியவில்லை. “அண்டைக்கு ஏன் அக்கா என்னைக் காட்டிக் குடுக்கல்ல?” என்று கேட்டேன். கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

“உனக்கும் புள்ளைகள் இரிக்கிதுதானே,” என்றார். “பட்டினி கிடக்கக்குள்ள அரிசி எடுத்துத் தந்த கை. அதை நான் எப்புடிக் காட்டுற? ஆனா தம்பி, அண்டைக்கு நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்.”

படிவத்தை விரித்தேன். “இந்தமுறை பிற எண்டு போட்டு, உப்பெண்டு பெரிசா எழுதுறன். வேலை போனாலும் பரவாயில்ல. பழைய பிழையையும் எழுதிக் குடுக்கிறன்,” என்றேன். அவர் பக்கத்தில் வந்து குந்தினார். உப்பு என்று எழுதினேன். அதற்கு அடுத்த வரி ‘இப்போகத்தில் விதைத்த பரப்பு’.

“எத்தனை ஏக்கர் அக்கா?”

“விதைக்கல்ல தம்பி. இந்த வட்டையில ஒருத்தரும் விதைக்கல்ல. மண்ணு வெளுத்துப் போச்சு, போய்ப் பாரு.”

பேனை நின்றுவிட்டது. விதைக்காத வயலுக்குப் பயிர்ச் சேதம் இல்லை. சேதம் இல்லாத இடத்துக்குப் பதிவும் இல்லை. அது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். என் தோளில் கை வைத்தார்.

“இல்லையெண்டே எழுது தம்பி,” என்றார். “அதெண்டாலும் உண்மையா இரிக்கட்டும்.”