கிடையோடு நடந்த எங்கள் அம்மா

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. நான் சொல்லச் சொல்ல என் கணவர் எழுதித் தந்த இவ்வரிகளை அம்மாவின் காலடியில் வைக்கிறோம்.

ஓட்டப்பிடாரத்துக்கு மேற்கே ஒரு பருத்திப் புஞ்சையில், ஆட்டுக்கிடைக்கு அருகில் அம்மா பிறந்தார்கள். சொந்த ஊர் எது என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியாது. அப்பாவைக் கைப்பிடித்த பிறகும் அதே வாழ்க்கைதான். அறுவடை முடிந்த புஞ்சைகளில் உரத்துக்காக இரவில் ஆடுகளை அடைப்பதும், பகலில் மேய்ப்பதும், பிறகு அடுத்த ஊருக்கு நடப்பதும். மழைக்கு முன் கரிசலை விட்டுக் கடலோர மணல்தேரிக்கு வந்துவிடுவோம். ஈரத்தில் நின்றால் ஆடுகள் தாங்காது.

புதுத் துறைமுகத்துக்கு லாரிகள் கல் அடித்துக்கொண்டிருந்த ஒரு வருடம், மழை முந்திக்கொண்டது. உப்பளங்களுக்கு அருகே, சுற்றிலும் தண்ணீர் நிற்க, அகப்பட்டுக்கொண்டோம். ஆடுகள் மூக்கொழுகி, கழிந்து, படுத்துவிட்டன. அப்பா மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மருந்து தீர்ந்துவிட்டது, ஆடுகளைக் காய்ந்த தரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்களாம். காய்ந்த தரைக்கு எங்கே போக?

நடக்க முடிந்த ஆடுகளை அப்பா மேற்கே ஓட்டிப்போனார்கள். அம்மா நோயாடுகளோடு தங்கினார்கள். மூங்கில் குழாயில் கஞ்சி புகட்டினார்கள், ஆடுகள் விழுங்கவில்லை. உப்பளத்தில் வேலை செய்த, பெரியதாழை ஊர்க்கார அம்மாள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "ஏளா, எல்லாம் சாவத்தான் போவுது. பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வா" என்றார்கள்.

"உசுரு இருக்கையில விட்டுட்டு எப்படிக்கா வர?" என்ற அம்மா, எங்களை மட்டும் அனுப்பினார்கள். கடைசி ஆடும் செத்த பிறகே வந்தார்கள்.

அந்த ஈரத்தில் பிடித்த இருமல் அம்மாவை விடவேயில்லை. இருமிக்கொண்டே சில ஆண்டுகள் கிடையோடு நடந்தார்கள். நடக்க முடியாமல் போனபோது தூத்துக்குடியில் என் வீட்டுக்கு வந்தார்கள். நெஞ்சு முழுக்கக் கெட்டுவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சுற்றி உட்கார்ந்திருப்பதைத் தவிர எங்களால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. அப்போது கிடை இருக்கும் என்று நினைத்த கயத்தாறு பக்கம் போகும் பஸ் கண்டக்டர்களிடம் அப்பாவுக்குச் சொல்லிவிட்டோம். சேதி ஊர் ஊராகக் கிடையைத் தேடிப் போய் எட்டி, அப்பா வந்து சேர்ந்தபோது அம்மா இறந்து அடக்கமும் முடிந்திருந்தது.

அப்பா அழவில்லை. "தண்ணி கேட்டாளா?" என்று மட்டும் கேட்டார்கள்.

"கேட்டா, குடுத்தோம்ப்பா" என்றேன்.

மறுநாளே திரும்பிவிட்டார்கள். அடுத்தவர் பொறுப்பில் ஆடுகளை எத்தனை நாள் விட முடியும்?

அந்த மழையில் எங்களுக்குச் சோறிட்ட பெரியதாழை அம்மாளுக்கும், அம்மாவைச் சுமந்த எங்கள் தெருக்காரர்களுக்கும், சேதி கொண்டுபோன கண்டக்டர் அண்ணாச்சிமாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. இந்த நினைவு நாளுக்கும் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினோம், பதில் இல்லை. இந்த நினைவு மலரைப் பெறும், மேற்கே இருக்கும் சொந்தங்கள், வழியில் அப்பாவின் கிடையைக் கண்டால் சற்று நின்று, இதை வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. இன்று எந்தப் புஞ்சையில் இருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை.